வேகத்தைக் குறைக்கும் மலைக்காட்சிகள்

பகல் காட்சிக்கு ஒரு டிக்கெட் என்று செல்லி கேட்டதும் கவுண்டரில் இருந்தவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வெயிலில் ஒரு சைக்கிள் மட்டும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஒண்ணுதானாம்மா?"

"ஒண்ணுதாங்க."

"சண்டப் படம்மா இது. வெடிச்சத்தம் காதக் கிழிக்கும்."

"தெரியுங்க," என்றாள் செல்லி. அதற்கு மேல் சொல்ல வாய்வரை வந்தது. நானும் இதில் நடித்திருக்கிறேன், என் வீட்டுக்காரரும் நடித்திருக்கிறார் என்று சொன்னால் அவர் நம்புவாரோ சிரிப்பாரோ தெரியவில்லை. சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விடியற்காலையில் ஆடுகளைப் பக்கத்து வளவு வீடொன்றில் ஒப்படைத்துவிட்டு, ஜமுனாமரத்தூர் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலையிறங்கி செங்கம் வந்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை புருசன் தாண்டவராயனோடு இதே ஊரில் படம் பார்த்திருக்கிறாள். தனியாக வருவது இதுதான் முதல் தடவை.

வாசலில் பெரிய சுவரொட்டி. 'ஒன்பதாம் எல்லை' என்ற எழுத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட கதாநாயகன் துப்பாக்கியோடு நின்றான். அவனுக்குப் பின்னால் தெரிந்த மலை, அவள் தினமும் வாசலைத் திறந்ததும் பார்க்கும் மலை. சுவரொட்டியின் குறுக்கே புதிதாக ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இப்போது இன்னும் விறுவிறுப்பாக. படம் நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போன கார்த்திகையில்தான் அந்தப் படத்தை எடுக்க வந்தார்கள். ஏதோ வெளிநாட்டு எல்லையில் நடக்கிற கதையாம். நம்ம நாட்டு உளவாளி ஒருத்தன் எதிரி தேசத்திலிருந்து ரகசியம் ஒன்றைத் திருடிக்கொண்டு தப்பிக்கிறபோது விமானத்திலிருந்து குதித்து, ஒரு மலைக்குடும்பத்தின் காட்டில் விழுகிறான். அந்த வெளிநாட்டு மலையாக ஜவ்வாது மலையை வைத்துக்கொண்டார்கள். பூவரசன் என்ற உதவி இயக்குநர்தான் இடம் பார்க்க முதலில் வந்தவன். வீடுகள் சேர்ந்து நிற்கிற வளவை விட்டு விலகிச் சாமைக் காட்டின் ஓரமாகத் தனித்து நின்ற செல்லியின் வீடு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அந்தக் குடும்பத்துப் புருசன் பெண்சாதியாக நடிக்கச் சென்னையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். அந்தம்மாவுக்கு மலைப்பாதை வளைவுகளிலேயே குமட்டல் தொடங்கி, மேலே வந்து சேர்ந்ததும் எழுந்து நிற்க முடியவில்லை. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, இவ்வளவு நேரமும் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தாண்டவராயனையும் செல்லியையும் பார்த்தார்.

தாண்டவராயனுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம், "யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள்?" என்பது. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் அவர் வாயில் அது நுழையவில்லை. கடைசியில் கேமரா ஓடும்போது, கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்தப் பெரிய குடைத்துணியோடு ஆள் பொத்தென்று விழ, பட்டியில் இருந்த நிஜமான ஆடு நிஜமாகவே மிரண்டு கத்தியது. தாண்டவராயன் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"ஏம்பா, மானத்துலருந்து வுழுறவன் எடம் பாத்து வுழக்கூடாதா? சென ஆடு மெரண்டுகிச்சு பாரு!"

செல்லியும் மறந்துவிட்டாள். "ஆட்ட அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மனுசனத் தூக்குயா," என்று கத்தினாள். அவர் திரும்பி, ஆடு என்ன மனுசனை விட மட்டமா என்று ஆரம்பிக்க, இவள் பதில் சொல்ல, வீட்டில் அன்றாடம் நடக்கிற சண்டை அப்படியே நடந்தது. இயக்குநர் நிறுத்தவே இல்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். இதேதான் படத்தில் வரும், ஒரு வார்த்தை மாற்றமாட்டேன் என்று அவர் தாண்டவராயனின் தோளைத் தட்டினார். கதாநாயகன் புது வேடத்தில் இருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று ஊர்க்காரர்களின் போன்களையெல்லாம் ஒரு பையில் வாங்கி வைத்திருந்தார்கள். அதனால் அன்றைக்கு யாரும் ஒரு படம்கூடப் பிடிக்கவில்லை.

மாசியில் புளி உலுக்கப் போன இடத்தில் கிளை முறிந்து தாண்டவராயன் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார்.

ஆதார் அட்டையில் அவர் முகம் இருந்தது. ஒரே மகள் கல்பனாவின் கல்யாண ஆல்பத்தில், யாரோ திட்டிவிட்ட மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். அந்த முகங்களை வைத்துக்கொண்டு செல்லியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல். ஆரம்பத்தில் அது காதிலேயே இருந்தது. அடுப்பு மூட்டும்போது பின்னால் கேட்கும். ஆடுகளை ஓட்டி வரும்போது வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். ஆடி பிறந்து விதைப்பு தொடங்கிய ஒரு நாள், அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தாள். வார்த்தை வந்தது, சத்தம் வரவில்லை. புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி வெறும் வார்த்தை. அன்றைக்கு அவள் விதைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் படம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கேயோ அந்தக் குரலை அவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வரும் என்று பூவரசன் சொல்லியிருந்தான்.

படவேட்டில் வாக்கப்பட்டிருந்த கல்பனா, படம் வந்த அன்றைக்கே புருசன் ரமேஷோடு ஆரணிக்குப் போய்ப் பார்த்துவிட்டாள். போனில் அழுதாள், சிரித்தாள்.

"அப்பா பேசறாரும்மா. நல்லா எதிர்ல நின்னு பேசற மாதிரியே கீது. ஆட்டப் பத்திச் சொன்னப்ப தேட்டரே சிரிக்குதும்மா. நாளிக்கே கெளம்பி வா, நான் உன்னக் கூட்டிம்போறேன்."

"சாம அறுப்பு கீது. கிளி எறங்குது. முடிச்சிட்டு வர்றேன்," என்றாள் செல்லி.

அறுப்பு இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு நாள் விட்டுவிட்டு வரமுடியாத அறுப்பு இல்லை. அவரை உயிரோடு பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, இருட்டு அறைக்குள் நுழைவதை நினைத்தால் கிளம்பவே மனம் வரவில்லை. பார்க்காதவரைக்கும் அது அங்கேயே இருக்கும், ஓடியா போகப்போகிறது என்று நினைத்தாள். வெள்ளி போயிற்று, சனி ஞாயிறு போயிற்று. திங்களன்று கதிரைக் கட்டிப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டாள். கல்பனாவிடம்கூடச் சொல்லவில்லை. அவரோடு தனியாக இருக்கவேண்டும் என்று தோன்றியது.

தியேட்டரில் இங்கொருவரும் அங்கொருவருமாக ஆட்கள். செல்லி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். கார்கள் உருண்டன, பாலம் ஒன்று தூள்தூளாயிற்று, கோட்டு போட்டவர்கள் கண்ணாடி அறைகளில் நின்று கொண்டு இங்கிலீஷில் கோபப்பட்டார்கள். அவளுக்கு எதுவும் மனதில் தங்கவில்லை. இடைவேளை முடிந்து வெகுநேரம் கழித்து ஆகாய விமானம் வந்தது. கதாநாயகன் குதித்தான். வெள்ளைக் குடை விரிந்தது. கீழே மலை, மலைமேல் சாமைக் காடு, காட்டோரம் ஒரு ஓட்டு வீடு. அவள் வீடு. செல்லி முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பட்டிப் படலின் ஒரு மூலை தெரிந்தது.

அடுத்த காட்சியில் கதாநாயகன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குள் நடந்துகொண்டிருந்தான்.

பிறகு வருமாயிருக்கும் என்று உட்கார்ந்திருந்தாள். எதிரியின் கூடாரம் வெடித்தது, கதாநாயகி காப்பாற்றப்பட்டாள், கொடி பறந்தது. கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடின. விளக்கைப் போட்டார்கள். ஒரு பெண் வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்தாள். செல்லி எழவில்லை.

"அம்மா, படம் முடிஞ்சிடுச்சு," என்று ஒருவர் வந்து நின்றார். டிக்கெட் கொடுத்தவர்தான். ஜீவானந்தம் என்று யாரோ அவரைக் கூப்பிட்டது முன்பே காதில் விழுந்திருந்தது.

"எங்க சீனு வரலீங்க," என்றாள்.

"இன்னா சீனு?"

இப்போது சொன்னாள். குடைத்துணி, ஆடு, சண்டை எல்லாம். அவர் அவளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஐயோ, நீங்களாம்மா அது? மொத மூணு நாளு இருந்துச்சும்மா. நேத்துலருந்து இல்ல. கட் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"கம்பெனிக்காரங்கதான். விமர்சனம் சரியா வரல. எல்லாரும் ஒரே மாதிரி எழுதிட்டாங்க, ரெண்டாவது பாதி இழுக்குது, இழுக்குதுன்னு." அவர் போனை எடுத்துத் தேடி, பத்திரிகையில் வந்ததை வாசித்துக் காட்டினார். "'உலகை அழிக்கும் ஆயுதம் இயங்கத் தொடங்கிவிட்ட நேரத்தில் வரும் மலைக்காட்சிகள் படத்தின் வேகத்தைக் குறைக்கின்றன.' பாருங்க, இது பெரிய பேப்பரு. சண்ட நல்லாருக்குன்னு எழுதினவங்ககூட இதத்தான் கொற சொன்னாங்க. உடனே கத்திரி போட்டு வேற பிரதி அனுப்பிட்டாங்க."

"பழசு உங்ககிட்ட இருக்குமில்ல? ஒருக்கா அது மட்டும் போட்டுக் காட்டுங்க. ஒரு நொடி போதும்."

"அந்தக் காலம் மாதிரி பொட்டி இல்லம்மா இப்ப. எல்லாம் கம்ப்யூட்டர்ல வருது, சாவி அவங்ககிட்ட. பழசப் பூட்டிட்டாங்க."

செல்லி தலையசைத்தாள். எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். அவள் அழுதிருந்தால் அவர் அத்தோடு விட்டிருப்பார். அழாமல் நின்றதுதான் அவரை என்னவோ செய்தது போல. எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்ற தவிப்பில் மறுபடி போனைத் தடவினார்.

"இன்னொண்ணு கீதும்மா, ஒரு பையன் போட்ட வீடியோ விமர்சனம். ஆனா கேலியா பேசியிருப்பான். உங்க மனசு கஷ்டப்படும்."

"போடுங்க."

சிவப்புத் திரைக்கு முன்னால் தாடி வைத்த இளைஞன் ஒருவன் உட்கார்ந்து படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். உளவாளி எதிரி நாட்டுக்குள் தமிழ் பேசிக்கொண்டு திரிவதைச் சொன்னான், வில்லனின் விக்கைச் சொன்னான். பிறகு கையை உயர்த்தி, "இப்ப வர்றோம் மலைக்கு," என்றான். "உலகம் அழியறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. ஹீரோ எலும்பு ஒடைஞ்சு கெடக்கறான். நம்ம மலைப் பெரியவர் இன்னா சொல்றாரு தெரியுமா?" தோளை ஒருபக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, தொண்டையைக் கட்டிக்கொண்டு அவன் பேசிக் காட்டினான். "ஏம்பா... மானத்துலருந்து வுழுறவன் எடம் பாத்து வுழக்கூடாதா? சென ஆடு மெரண்டுகிச்சு பாஆஆரு!"

செல்லியின் கை தானாக வாயைப் பொத்தியது.

அந்த 'ஏம்பா'வில் இருந்த கம்மல். 'பாரு'வை அவர் இழுக்கிற இழுப்பு. கோபம் வரும்போது கடைசி எழுத்தில் குரல் கொஞ்சம் கீழே விழுந்து எழும். அதைக்கூட அவன் விடவில்லை. கேலிக்காக எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்! ஆடியிலிருந்து அவள் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது, முன்பின் பார்த்திராத ஒருவனின் தொண்டையிலிருந்து வந்தது.

"அணைச்சிடட்டுமாம்மா?" என்றார் ஜீவானந்தம் சங்கடத்தோடு.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள்.

ஊர் திரும்பிய பிறகு பூவரசனுக்குப் போன் செய்தாள். அவன் குரலே சோர்ந்திருந்தது. இயக்குநர் போனை அணைத்துவிட்டாராம், மூன்று வருச உழைப்பு ஒரே வாரத்தில் முடிந்துபோயிற்றாம். தாண்டவராயன் இறந்தது அவனுக்குத் தெரியாது. அவள்தான் சொன்னாள். வெட்டியெடுத்த காட்சி கிடைக்குமா என்றும் கேட்டாள். "நான் கேட்டுப் பாக்கறேம்மா. எங்கயாவது இருக்கும். ஆனா இப்ப யாருகிட்ட போய் இத கேக்கறதுன்னுதான் தெரியல," என்றான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவளும் தொந்தரவு செய்யவில்லை.

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாந்தம்மாள் இட்லிக்கடை வைத்திருந்தாள். அவளிடம் பெரிய போன் இருந்தது. சாமான் வாங்கச் சந்தைக்கு வருகிற நாளிலெல்லாம் செல்லி அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தத் தாடிக்காரன் பேசறதப் போடு," என்பாள். சாந்தம்மாள் தேடிப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு மாவரைக்கப் போய்விடுவாள். முதலில் ஒரு நாள், "இன்னாடி இது, உன் வூட்டுக்காரன நக்கல் பண்றான், நீ ஒக்காந்து கேட்டுகினு கீற?" என்று கேட்டாள். செல்லி சிரித்து மழுப்பினாள். பிறகு சாந்தம்மாள் கேட்பதை விட்டுவிட்டாள். எந்த இடத்தில் 'இப்ப வர்றோம் மலைக்கு' என்று அவன் சொல்வான், அதற்கு முன்னால் எப்படித் தாடியைச் சொறிவான் என்பதெல்லாம் செல்லிக்குப் பழகிவிட்டது. அவன் மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. ஒழுங்காகச் சாப்பிடுகிறானோ என்னவோ, கன்னம் ஒட்டியிருக்கிறது என்றுகூட நினைத்தாள். சந்தைக்குப் போய்வந்த ராத்திரிகளில் தூக்கம் வந்தது.

ஒரு நாள் கல்பனா கூப்பிட்டாள். குரலில் நெருப்புப் பறந்தது.

"எம்மா, எவனோ ஒருத்தன் அப்பாவ அசிங்கமா பேசிக் காட்டியிருக்கான்மா. இவரு கூட்டாளிங்க அத அனுப்பி 'உங்க மாமனாரு'ன்னு போட்டுச் சிரிக்கறானுங்க. செத்த மனுசன வச்சி சிரிக்கறானே, அவன் நல்லாருப்பானா?"

"தெரியாமப் பேசியிருப்பான். வுட்டுடும்மா," என்றாள் செல்லி.

"எப்டி வுடறது? நான் அவனுக்கு எழுதப் போறேன். அவரு எங்கப்பா, செத்துப்போய்ட்டாருன்னு எழுதறேன். மனுசனா இருந்தா தூக்கட்டும்."

"வேணாம் கல்பனா."

"ஏம்மா?"

செல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்கலாம். நான் சாந்தம்மாள் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன், அவன் வாயில்தான் உங்கப்பன் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற மகளிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. ஊரே அவமானம் என்று நினைக்கிற ஒன்றில் இவள் போய்ச் சுகம் காண்கிறாளே என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால்? வெட்கமாக இருந்தது.

"ஏம்மா, சொல்லு?"

"ஒண்ணுமில்ல. எதுக்கு வீண் வம்புன்னுதான்."

"நீ எப்பவும் இப்டித்தான், எல்லாத்துக்கும் பயந்துகினு," என்று சொல்லிக் கல்பனா வைத்துவிட்டாள்.

செல்லி அடுத்து சந்தைக்குப் போவதற்கு முன்பே கல்பனா மறுபடி கூப்பிட்டாள். வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஒன்றும் புரியாததால், நான் பாறைக்குப் போய்க் கூப்பிடுகிறேன் என்று செல்லி சொன்னாள். ஊருக்கு மேற்கே உயரமான வழுக்குப் பாறை ஒன்று உண்டு. அங்கே நின்றால்தான் டவர் நன்றாகக் கிடைக்கும். அவள் ஏறிப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"எம்மா, தூக்கிட்டான்மா!" என்றாள் கல்பனா, மூச்சு வாங்க. "நல்ல பையன்தாம்மா. நான் எழுதினதப் படிச்சிட்டு ஒரே நாள்ல அத எடுத்துட்டான். மன்னிப்புக் கேட்டு வேற போட்டிருக்கான். 'அந்தப் பெரியவர் இப்போது இல்லை என்பது தெரியாது, அவருடைய குடும்பத்தினர் மன்னிக்கவேண்டும்'னு. எவ்ளோ பேரு அப்பாவுக்கு அஞ்சலி எழுதியிருக்காங்க தெரியுமா? இனிமே எவனும் சிரிக்கமாட்டான்மா."

"எடுத்துட்டானா?"

"அடியோட எடுத்துட்டான். எங்க தேடினாலும் இல்ல."

கல்பனாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்பாவுக்காகத் தன்னால் ஒன்று செய்ய முடிந்ததே என்கிற சந்தோஷம். புதைக்கிற அன்றைக்குக்கூடப் பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தாள் அவள்.

"நல்லதும்மா. நல்ல காரியம் பண்ண," என்றாள் செல்லி. "அழாத. புள்ளைக்கு சளி எப்டி கீது?"

இன்னும் கொஞ்சநேரம் பேசிவிட்டுக் கல்பனா வைத்துவிட்டாள். செல்லி பாறைமேல் நின்றாள். சுற்றிலும் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்தப் பக்கம் டவர் நன்றாகக் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள். ஒருத்தன் போளூர்ப் பக்கம் திரும்பி, கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன தம்பியிடம் எப்போது வருகிறாய் என்று கத்தினான். ஒரு பெண் பள்ளத்தைப் பார்த்து நின்று, திருப்பூரில் இருக்கிற புருசனிடம் மெதுவாகச் சண்டை போட்டாள். ஒருவர் பேசுவதை இன்னொருவர் காதில் வாங்கவில்லை. கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து ஒவ்வொருவரின் காலையும் மூடிக்கொண்டிருந்தது.

செல்லி போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. எல்லோரும் பேசுகிற இடத்தில் பேசாமல் நிற்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது. செங்கத்துப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நின்று, முந்தானையால் காதை மூடிக்கொண்டாள்.

"அறுப்பு முடிஞ்சிது," என்றாள், அவரிடம் சொல்கிற மாதிரி. "போன வருசத்துக்கு இந்த வருசம் பரவால்ல. கெழக்கால வேலி சாஞ்சி கெடக்குது, ஆளுதான் கெடைக்கல."

பக்கத்தில் நின்ற பெண் பேசி முடித்துவிட்டு, பனியில் கால் பார்த்து இறங்கத் தொடங்கினாள். போகிறபோது செல்லியைப் பார்த்து, மகளா என்பது போலத் தலையை அசைத்துக் கேட்டாள். செல்லியும் தலையை அசைத்தாள்.

"இல்ல, குளுரல," என்றாள் போனில். "சொல்லு."